விளையாடும் பிள்ளைக்கு நாரி வலியா?

முதலாம் தவணை தொடங்கி, பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகள் சூடுபிடித்துவிட்டால், நமது வீடுகளில் மாலைப் பொழுது ஒரே மாதிரித்தான் இருக்கும். பிள்ளை களைத்துப்போய் வருவாள். புத்தகப் பையை ஒரு பக்கமும் சப்பாத்தை இன்னொரு பக்கமும் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வாள். "உம்மா, நாரி நோகுது" என்பாள். உம்மும்மா தைலப் போத்தலைத் தேடி எடுப்பார். "விளையாடினா நோகத்தானே செய்யும், ரெண்டு நாளையில சரியாகிடும்" என்பார் வாப்பா.

பெரும்பாலான நாட்களில் வாப்பா சொல்வது சரியாகவே இருக்கும். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று ஓடினால் தசைகள் வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாள் ஓய்வில் அது போய்விடும்.

ஆனால் அந்த இரண்டு நாள் இரண்டு கிழமையாகி, இரண்டு கிழமை ஒரு மாதமானால்? ஓய்வெடுத்தால் குறைந்து, மைதானத்துக்குப் போனால் மறுபடியும் அதே இடத்தில் வலி வந்தால்? அப்போதும் தைலம் தடவிக்கொண்டு இருப்பது சரிதானா? அல்லது உடனே பணத்தைத் திரட்டி ஸ்கேன் எடுக்க ஓடுவதுதான் சரியா?

இரண்டுமே சரியல்ல. விளையாடும் பிள்ளையின் முதுகு வலியை எடைபோடுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கேட்பது, பிறகு பார்ப்பது, அதன்பின் தொட்டுச் சோதிப்பது, கடைசியில்தான் படம் எடுப்பது. இந்த ஒழுங்கில் முதல் படியான கேட்பதற்கு விடை வைத்திருப்பவர் டொக்டர் அல்லர், தாயாகிய நீங்கள்தான். அதனால்தான் இந்த விஷயத்தை உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

பெரியவர்களின் வலி வேறு, பிள்ளைகளின் வலி வேறு

நமக்கு நாரி வலித்தால் தசைப்பிடிப்பு என்கிறோம், அல்லது டிஸ்க் விலகிவிட்டது என்கிறோம். பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். இங்கேதான் தவறு நேர்கிறது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் செய்யப்பட்டு 1995ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. முதுகு வலியுடன் விளையாட்டு மருத்துவரிடம் வந்த 12 முதல் 18 வயது வரையான 100 பிள்ளைகளையும், முதுகு வலிக்காகச் சிகிச்சைக்கு வந்த 100 பெரியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரியவர்களில் 48 பேருக்கு டிஸ்க்கில் கோளாறு. பிள்ளைகளில் 11 பேருக்குத்தான் அது. ஆனால் முள்ளெலும்பில் விழும் ஒருவகை வெடிப்பு பெரியவர்களில் 5 பேருக்கு மட்டுமே இருக்க, பிள்ளைகளில் 47 பேருக்கு இருந்தது. அதாவது ஏறக்குறையப் பாதிப் பேர்.

இவர்கள் வலி மாறாமல் வைத்தியரைத் தேடி வந்த பிள்ளைகள் என்பதை நினைவில் வையுங்கள். நாரி நோகிறது என்று சொல்லும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு எலும்பு வெடித்திருக்கிறது என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் விளையாடும் பிள்ளையின் வலி கிழமைக் கணக்கில் நீடித்தால், அதைப் பெரியவர்களின் வலியைப்போல் எண்ணிவிடக் கூடாது என்பதே இதன் பாடம்.

அது என்ன வெடிப்பு?

நமது முள்ளந்தண்டில் ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறமும் ஒரு வளையம்போல் இருக்கும். அந்த வளையத்தின் இரு பக்கங்களிலும் ஒடுங்கிய பாலம் போன்ற ஒரு பகுதி உண்டு. உடம்பைப் பின்னோக்கி வளைத்து, அதே நேரத்தில் பக்கவாட்டில் திருப்பும்போது, இந்த ஒடுங்கிய இடத்தில்தான் பாரம் விழுகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வளைத்தால் என்ன ஆகும்? ஒருநாள் அந்த இடத்தில் வெடிப்பு விழும். எலும்பும் அப்படித்தான். விழுந்து அடிபடத் தேவையில்லை. போதிய ஓய்வின்றி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தாலே போதும். பெரும்பாலும் இது நாரியின் அடிப்பகுதியில் உள்ள ஐந்தாவது முள்ளெலும்பில் ஏற்படுகிறது.

கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுதல், உயரம் பாய்தல், ஈட்டி எறிதல், ஜிம்னாஸ்டிக், கரப்பந்தில் பந்தை ஓங்கி அடித்தல் ஆகிய எல்லாவற்றிலும் இந்த வளைவும் திருப்பமும் இருக்கின்றன. பிள்ளை வளரும் பருவத்தில் அந்த எலும்பு இன்னும் முற்றி உறுதிப்படவில்லை. அதனால்தான் ஆபத்து அதிகம்.

உலகப் புகழ்பெற்ற வேகப்பந்து வீச்சாளர்களே இதற்கு ஆளாகியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் விளையாடச் சென்றபோது முதுகெலும்பு வெடித்துப்போனார். அவருடைய காலம் முடிந்தது என்றார்கள். அவரோ விளையாட்டை நிறுத்தி, முதுகுக்கு மாவுக்கட்டுப் போட்டு, பொறுமையாக உடம்பைத் தேற்றிக்கொண்டு 1974ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் டெஸ்ட் போட்டிக்கு வந்தார். 1984இல் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றபோது அவர் எடுத்திருந்த விக்கெட்டுகள் 355. அன்றைக்கு அதுவே உலக சாதனை.

பெட் கமின்ஸின் கதையும் அப்படியே. 2011ஆம் ஆண்டு, 18 வயதில், தனது முதல் டெஸ்ட் போட்டியிலேயே ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அடுத்த டெஸ்ட் போட்டியில் அவர் விளையாடியது 2017இல்தான். இடையில் போன ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்த முதுகெலும்பு வெடிப்புக்குப் பெரும் பங்குண்டு. வளர்ந்து உடம்பு முற்றிய பின்னரே அவரால் தொடர்ந்து பந்துவீச முடிந்தது. பின்னாளில் அவுஸ்திரேலிய அணிக்குத் தலைமை தாங்கி 2023ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தையும் வென்றார்.

இவர்களைச் சுற்றி வைத்தியர்களும் பயிற்றுவிப்பாளர்களும் ஒரு கூட்டமே இருந்தது. உங்கள் மகனைச் சுற்றியும் மகளைச் சுற்றியும் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான்.

தொடக்கத்திலேயே கண்டுகொண்டு ஓய்வு கொடுத்தால் இந்த வெடிப்பு பெரும்பாலும் ஆறிக் கூடிவிடும். வலியைப் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் விளையாடினால் வெடிப்பின் இரு முனைகளும் மழுங்கிப்போய், பிறகு கூடவே மாட்டாது. கூடாத வெடிப்புடனும் வலியில்லாமல் வாழ்பவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்காவது இப்படியொரு வெடிப்பு இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் சிலருக்கு வலி விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். இரு பக்கமும் வெடித்தால் முள்ளெலும்பு சற்று முன்னோக்கி நழுவவும் கூடும். ஆகவே ஆறக்கூடிய காலத்தை நாம் தைலம் தடவியே கழித்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

டொக்டரிடம் போகுமுன் நீங்கள் கேட்டு வைக்க வேண்டியவை

வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை. டொக்டருக்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள். "முதுகு வலிக்குது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் மாத்திரை எழுதித் தருவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆகவே வீட்டிலேயே பிள்ளையை ஆறுதலாக இருத்தி, பின்வருபவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வலி எப்போது தொடங்கியது? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? அந்த நாட்களில் பயிற்சி கூடியதா? புதிய விளையாட்டு எதிலும் சேர்ந்தாளா?

எந்த அசைவில் வலி கூடுகிறது? பின்னோக்கி வளையும்போதா, குனியும்போதா? பின்னோக்கி வளையும்போது கூடினால் எலும்பு வெடிப்பை நினைக்க வேண்டும். குனியும்போதும் நெடுநேரம் உட்காரும்போதும் கூடினால் டிஸ்க்கை நினைக்கலாம். இது சட்டமல்ல, ஒரு குறிப்புத்தான்.

ஒரு விரலால் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடு நாரியையா, ஒரு பக்கத்தையா, இடுப்புக்குக் கீழே குழி விழும் இடத்தையா, தொடைச் சந்தையா? ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு கதை சொல்லும்.

காலுக்குள் இறங்குகிறதா? முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இருந்தாலும், விறைத்தாலும், பாதம் சோர்ந்தாலும் நரம்பு நெருக்கப்படுவதாகக் கருத வேண்டும்.

காலையில் எழும்பும்போது எப்படி இருக்கிறது? இந்தக் கேள்வி மிக முக்கியமானது. ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு கிழமைக்கு எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் பயிற்சி? பாடசாலை அணி, கழக அணி, ஒழுங்கை மூலையில் நண்பர்களோடு ஆடும் ஆட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பாடசாலைப் பயிற்றுவிப்பாளருக்குக் கழகத்தில் நடப்பது தெரியாது. கழகத்தாருக்குப் பாடசாலையில் நடப்பது தெரியாது. முழுக் கணக்கும் தெரிந்தவர் வீட்டில் இருப்பவர்தான்.

பார்ப்பதும் தொடுவதும்

நல்ல வைத்தியர் பிள்ளை அறைக்குள் நடந்து வருவதிலிருந்தே கவனிக்கத் தொடங்குவார். முதுகைப் பார்க்காமல் முதுகு வலியைச் சோதிக்க முடியாது. ஆகவே உடையைச் சற்று விலக்கச் சொல்வார். பெண் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கூசிப்போய், "இப்ப நோவில்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். தேவையானால் பெண் டொக்டரைக் கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் உடனிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தாயோ பெண் தாதியோ அருகில் இருப்பது நல்ல வைத்தியர்கள் தாமாகவே விரும்பும் ஒழுங்குதான். முதுகுப் பக்கம் திறக்கக்கூடிய தளர்வான உடையை உடுத்து அழைத்துச் சென்றால் பாதிச் சங்கடம் குறையும். என்ன சோதனை நடக்கும் என்பதையும் மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குனியச் சொல்வார், பின்னோக்கி வளையச் சொல்வார். ஒற்றைக் காலில் நின்று பின்னோக்கி வளையச் சொல்வார். அப்போது வழக்கமான அதே வலி வந்தால் வெடிப்பின் மீது சந்தேகம் கொள்வார். ஆனால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து உண்டு, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மல்லாந்து படுக்க வைத்துக் காலை நேராக உயர்த்திப் பார்ப்பது நரம்புக்கான சோதனை. முழங்காலை மடக்கித் தொடையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பது இடுப்பு மூட்டுக்கானது. இடுப்பு மூட்டின் கோளாறு முதுகு வலி என்ற பெயரில் ஒளிந்திருப்பதுண்டு.

இந்தச் சோதனைகளின் நோக்கம் வலிக்க வைப்பதல்ல. மைதானத்தில் வரும் அதே வலியை எந்த அசைவு கொண்டுவருகிறது என்று தேடுவதே. ஆகவே "பொறுத்துக்கொள் மகள்" என்று சொல்லாதீர்கள். "அதே வலிதானா, வேறு வலியா என்று டொக்டரிடம் சொல்லு" என்று சொல்லிக் கொடுங்கள்.

இடுப்பு விலகிப்போனதா?

முள்ளந்தண்டின் அடியில் முக்கோண வடிவில் திருவெலும்பு இருக்கிறது. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து பொருந்தும் இடத்தில் இரண்டு மூட்டுகள் உள்ளன. வைத்தியர்கள் இவற்றை சக்ரோ இலியாக் மூட்டு என்பார்கள். கர்ப்ப காலத்தில் கட்டிலில் புரளும்போதும் படியேறும்போதும் இடுப்பின் பின்பக்கம் குத்தியெடுத்த வலி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பலருக்கு அந்த வலி வந்தது இந்த மூட்டிலிருந்துதான். ஓட்டக்காரர்கள், ஒற்றைக் காலில் பாய்பவர்கள், பந்தை ஓங்கி உதைப்பவர்கள் ஆகியோருக்கும் இதே இடத்தில் வலி வரலாம்.

"இடுப்பு விலகிப் போச்சு, இழுத்துப் போட்டாச் சரியாகும்" என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உண்மையில் இந்த மூட்டு ஓரிரு பாகையும் சில மில்லிமீற்றருமே அசையக்கூடியது. கயிறுகளால் கட்டியதுபோல் உறுதியான தசைநார்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பெரும் விபத்து இல்லாமல் அது விலகிப்போவதில்லை. விலகியிருக்கிறதா என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்கும் முறையும் நம்பத்தக்கதல்ல. ஒரே ஆளைத் தடவிப் பார்த்த தேர்ச்சிபெற்ற இருவர் இரு வேறு முடிவு சொல்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம்பத்தக்க வழி வேறு. இந்த மூட்டுக்குப் பாரம் கொடுக்கும் சில சோதனைகள் உள்ளன. இடுப்பெலும்புகளை இரு பக்கமும் விரித்து அழுத்துவது, பக்கவாட்டில் படுக்க வைத்து அழுத்துவது, மடக்கிய தொடையைக் கீழ்நோக்கித் தள்ளுவது போன்றவை. இவற்றில் ஒன்று வலித்தால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை. மூன்றோ அதற்கு மேற்பட்டவையோ அதே வலியைக் கொண்டுவந்தால்தான் இந்த மூட்டைக் குற்றஞ்சாட்டலாம்.

எலும்பில் வெடிப்பு இருக்கக்கூடிய பிள்ளையின் இடுப்பை எவரிடமும் கொடுத்து முறுக்கவோ இழுக்கவோ விடாதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் மரத்துப்போகும் முதுகு

காலை நேரக் கேள்வி முக்கியம் என்றேன் அல்லவா? விளையாட்டினால் வரும் வலி பொதுவாக ஓய்வில் குறையும், விளையாடினால் கூடும். இதற்கு நேர்மாறான வலி ஒன்று உண்டு. இரவின் பிற்பகுதியில் எழுப்பிவிடும். காலையில் முதுகு பலகைபோல் விறைத்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் இளகாது. நடமாடினால் குறையும், சும்மா இருந்தால் கூடும். ஒரு மாதம் வலது பிட்டத்தில், மறுமாதம் இடது பிட்டத்தில் என்று மாறி மாறி வலிக்கவும் கூடும்.

இப்படி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது அடியல்ல, அழற்சி நோயாக இருக்கலாம். 'அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ்' என்று பெயர். இளம் வயதில், பெரும்பாலும் இடுப்பின் அந்தப் பின்மூட்டுகளில்தான் தொடங்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரக்கூடும். ஆண்களின் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்ததால், பெண்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இன்றும் தாமதமாகிறது.

இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவராக இருந்த மைக்கல் அதர்டனுக்கு இந்த நோய் இருந்தது. 1995ஆம் ஆண்டு ஜொகன்னஸ்பேர்க்கில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 10 மணித்தியாலத்துக்கு மேல் நின்று ஆட்டமிழக்காமல் 185 ஓட்டங்கள் எடுத்து, தோற்கவிருந்த போட்டியைக் காப்பாற்றியவர் அவரே. நோயைக் கண்டறிந்தால் வழி உண்டு. இன்று நல்ல மருந்துகளும் இருக்கின்றன. கண்டறியாமல் ஆண்டுக்கணக்கில் தைலம் பூசினால்தான் முதுகு நிமிராமல் போகும்.

'டக்' என்று ஒரு சத்தம்

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 13 முதல் 17 வயது வரை இடுப்பெலும்பின் ஓரங்களில், தசைகள் பற்றியிருக்கும் இடங்கள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். 100 மீற்றர் ஓட்டத்தில் வேகமெடுக்கும்போதோ, நீளம் பாயும்போதோ, பந்தை உதைக்கும்போதோ, பலமான தசை தான் பற்றியிருக்கும் எலும்புத் துண்டையே பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம். பிள்ளை 'டக்' என்று சத்தம் கேட்டது என்பான். அதன்பின் நொண்டுவான். தொடைத் தசை இழுத்துக்கொண்டது என்று எண்ணி உருவிவிடுவார்கள். உருவக்கூடாது. இதற்குச் சாதாரண எக்ஸ்ரே படமே பெரும்பாலும் போதும். அநேகமானவை ஓய்வில் ஆறிவிடும்.

மகளிடம் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி

ஓடும் பெண் பிள்ளைகள் சிலர் உடம்பு கூடிவிடும் என்று பயந்து சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். இன்னும் சிலர் காலையில் வெறுந்தேநீரோடு பாடசாலைக்குப் போய், மாலையில் வெறும் வயிற்றோடு ஓடுகிறார்கள். செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால், உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்கும். மாதவிலக்கு பிந்தும், பிறகு நின்றே போகும். எலும்பும் பலவீனமாகும். முதுகிலும் திருவெலும்பிலும் தொடை எலும்பின் கழுத்திலும் வெடிப்பு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். 2014ஆம் ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு இதைத் தனியொரு பிரச்சினையாக எடுத்து உலகெங்குமுள்ள வைத்தியர்களுக்கு எச்சரிக்கை செய்தது.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால், "பயிற்சி கூடியதால்தான், அது வரும்" என்று விட்டுவிடாதீர்கள். டொக்டரிடம் மகள் இதைத் தானாகச் சொல்லமாட்டாள். வாப்பா பக்கத்தில் இருந்தால் நிச்சயமாகச் சொல்லமாட்டாள். நீங்கள்தான் கேட்டு வைத்துச் சொல்ல வேண்டும். வெயில் உடம்பில் படாதவர்களுக்கு விட்டமின் டி குறையக்கூடும் என்பதால் அதையும் டொக்டரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஸ்கேன் எப்போது?

"எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே?" என்று கேட்பீர்கள். எல்லாம் தெரியும், அதுதான் பிரச்சினையே. வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகுப் படங்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 37 வீதமானோருக்கும் 50 வயதினரில் 80 வீதமானோருக்கும் டிஸ்க் தேய்வு காணப்பட்டது. அவர்களுக்கு வலி இல்லை! ஆகவே படத்தில் ஒன்று தெரிவதால் வலிக்கு அதுதான் காரணம் என்றாகிவிடாது.

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று படத்தில் கண்டு பயந்துவிடும் பெற்றோரும் உண்டு. 2009ஆம் ஆண்டு பேர்லினில் 100 மீற்றரை 9.58 செக்கனில் ஓடி உலக சாதனை படைத்த உசைன் போல்டின் முள்ளந்தண்டும் வளைந்ததே. வளைவைக் கவனிக்க வேண்டும், உண்மைதான். ஆனால் எல்லா வலியையும் அதன் தலையில் போட முடியாது.

கேட்டு, பார்த்து, தொட்டுச் சோதித்த பின் டொக்டருக்கு எலும்பு வெடிப்பின் மீது சந்தேகம் வந்தால், அப்போது எம்.ஆர்.ஐ. பெரிதும் உதவும். வெடிப்பு முழுதாக விழுமுன்பே எலும்பின் உட்பகுதி வீங்கியிருப்பதை அது காட்டும். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்க கால வெடிப்பு பெரும்பாலும் தெரியாது. ஆகவே "எக்ஸ்ரே நல்லா இருக்கு" என்ற ஒரு சொல்லை வைத்துப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். சி.டி. ஸ்கேன் வெடிப்பைத் தெளிவாகக் காட்டும் என்றாலும் அதில் கதிர்வீச்சு அதிகம். வளரும் பெண் பிள்ளையின் இடுப்புப் பகுதிக்கு அது அவசியந்தானா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

தாமதிக்கவே கூடாதவை

சிறுநீர், மலம் கழிப்பதில் திடீர் மாற்றம் வந்தாலோ, இருக்கும் இடமும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போனாலோ, கால் சோர்ந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமின்றி மெலிதல், படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவையும் விளையாட்டினால் வருபவை அல்ல. முள்ளந்தண்டில் காசநோய் வருவது நமது பகுதிகளில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

இவை எதுவும் இல்லாமல், விளையாடும் பிள்ளைக்கு வலி மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால், அல்லது ஓய்வுக்குப் பின் விளையாடப் போனதும் திரும்பத் திரும்ப வந்தால், வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம். அங்கிருந்து எலும்பு நிபுணருக்கோ பிசியோதெரபி பிரிவுக்கோ அனுப்புவார்கள்.

ஓய்வு தண்டனையல்ல

வெடிப்பு என்று உறுதியானால் அநேகமாக மூன்று மாதமளவில் விளையாட்டை நிறுத்தச் சொல்வார்கள். கட்டிலில் படுத்திருப்பதல்ல ஓய்வு. வலிக்காத அளவில் நடக்கலாம். பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளால் வயிற்றுத் தசையையும் முதுகுத் தசையையும் உறுதிப்படுத்த வேண்டும். அதன்பின் சிறிது சிறிதாக மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். வலி மாத்திரை போட்டுவிட்டு "இந்த ஒரு போட்டி மட்டும்" என்று இறங்குவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். அப்படி இறங்கும்படி ஆசிரியரோ பயிற்றுவிப்பாளரோ கேட்டால், மறுத்துச் சொல்ல வேண்டியவர் பிள்ளையல்ல, நீங்கள்.

பிள்ளை ஏன் வலியை மறைக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. "நான் அப்பவே சொன்னேனே, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு விளையாட்டு?" என்று வீட்டில் ஒரேயடியாக நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. இரண்டாவது பயம் நம்மால் வருவது. வலியைச் சொன்னால் விளையாட்டுப் பறிபோகும் என்று தெரிந்த பிள்ளை வலியைச் சொல்லமாட்டாள். எலும்பு ஆறக்கூடிய அந்தச் சில மாதங்கள் மௌனத்திலேயே கழிந்துவிடும்.

ஆகவே அடுத்த முறை மகள் வந்து குப்புறப் படுத்துக்கொண்டு நாரி நோகிறது என்றால், உம்மும்மா தைலம் தடவட்டும். அதில் குற்றமில்லை. தடவும்போதே, "எந்த இடம் மகள்? எப்ப இருந்து? பின்னால வளைஞ்சாக் கூடுதா?" என்று கேளுங்கள். "சுகமானதும் திரும்பவும் விளையாடலாம்" என்றும் சொல்லி வையுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவள் உண்மையைச் சொல்வாள்.